பேப்பி எண்ணிய காட்சி

ரோம், 3 மார்ச் 1964

காலையிலேயே இனெஸ்ஸோடு சண்டை. படத்தில் கிழவனாக நடிக்கும் பேப்பி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும் ஷாட்டை வெட்டி எறிந்துவிட்டாள். "கதவைத் தெறக்கிறதை யாரு பாக்கணும்? உள்ள வந்துட்டான்னா போதாதா?" என்கிறாள். இருபது வருடமாக என் படங்களை எடிட் செய்கிறவள். என் பேச்சையும் பாதியில் வெட்டுவாள். நான் கத்தினேன். அவள் காப்பி குடிக்கப் போய்விட்டாள். அவள் வருவதற்குள் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். வெட்டியதுதான் சரி. அதை வாயால் சொல்லவில்லை. "இருக்கட்டும், யோசிக்கிறேன்" என்றேன். சிரித்துக்கொண்டாள், கழுத்தறுப்பு!

படம் பிரமாதமாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன் — வேறு யார் சொல்லப்போகிறார்கள்? கடைசி இரண்டு படங்களும் படுத்துவிட்டதால் பத்திரிகைக்காரர்கள் எனக்கு இரங்கல் எழுதித் தயாராக வைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் ஸ்கார்பீனி நேற்று போனில் சொன்னது: "துல்லியோ, இதுவும் போச்சுன்னா எங்கிட்ட வராதே. வேற யாரும் உன்னை உள்ள விடவும் மாட்டாங்க. பாத்துக்கோ."

பார்த்துக்கொள்கிறேன். செப்டம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் முதலில் எழுந்து நின்று கைதட்டப்போவது அவன்தான்.

5 மார்ச்

இன்று குரல் சேர்த்தோம்.

என் செட் இத்தாலியிலேயே சத்தமான செட். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. படம்பிடிக்கும்போது யாரும் ஒலியைப் பதிவு செய்வதில்லை, நானும் ஒருநாளும் செய்ததில்லை. அதனால் கேமரா ஓடும்போதே மெகாபோனில் நான் கத்தலாம்: "தலையைத் தூக்கு! மெதுவா! இப்ப அழாதே, கழுதை, அப்புறம் அழு!" பின்னால் தச்சர்கள் ஆணி அடிக்கலாம், சமையல்காரன் பாடலாம். நடிப்பவர்கள் உதட்டை அசைத்தால் போதும். வசனம் வராதவர்களை எண்ணச் சொல்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோபமாக எண்ணு, காதலாக எண்ணு, சாகப்போகிறவன் மாதிரி எண்ணு. அப்புறம் ரோமில் ஓர் இருட்டறையில் குரல்காரர்கள் வந்து உதட்டுக்குப் பொருத்திப் பேசிவிடுவார்கள்.

பேப்பியும் எண்ணியவன்தான். வடக்கே போ என்கிற நதி கடலில் கலக்கிற சதுப்பில் விலாங்கு பிடிக்கிறவன், நடிகன் இல்லை. அந்த முகத்துக்காகவே பிடித்து வந்தேன். வெள்ளம் வந்தும் வீட்டை விட்டுப் போக மறுக்கிற கிழவனின் கதை. கடைசிக் காட்சியில் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சூப் குடித்தபடி, மண்ணைப் பற்றியும் மனிதனின் மானத்தைப் பற்றியும் பேசுகிறான். படமே அந்தப் பேச்சில்தான் நிற்கிறது. எழுத எனக்கு ஒரு குளிர்காலம் ஆனது. ஷூட்டிங்கில் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாற்காலியைப் பார்த்து எண்ணிக்கிட்டே இரு. நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதே. பயப்படாதே, நீ சொல்றது யாருக்கும் கேக்காது."

அந்தப் பேச்சை இன்று அமெதேயோ பேசினான். என் கதாநாயகர்கள் எல்லோருக்கும் அவன் குரல்தான். வீட்டில் உப்பு கேட்டால்கூட நாட்டை மீட்கக் கூப்பிடுவது போல இருக்கும். "மண்ணே! நீ என்னைக் கைவிட்டாலும் நான் உன்னைக் கைவிடேன்!" பேசி முடித்துவிட்டு அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும்தான்.

"மேஸ்ட்ரோ, இதைக் கேட்டு அழாதவன் மனுஷனே இல்லை" என்றான்.

உண்மை.

11 மார்ச்

கதவு ஷாட் போயே போய்விட்டது. நல்லதுதான்.

19 மார்ச், சான் ஜுசெப்பே திருநாள்

தெருவெல்லாம் எண்ணெய்ச் சட்டி, சர்க்கரை தூவிய பிஞ்ஞே பலகாரத்தின் வாசனை. பேப்பிக்கு ஞானஸ்நானப் பெயர் ஜுசெப்பே, அவனுக்கும் இன்று பெயர்நாள். திரையிடலுக்குக் கூப்பிட்டதற்கு, வலையை விட்டுவிட்டு வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

டெஸ்தாச்சோ பேட்டையில் ஒரு சாதாரண தியேட்டரில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டினோம். கறிக்கடைக்காரர்கள், டிராம் ஓட்டுபவர்கள், குழந்தை குட்டிகள். நல்ல கூட்டம். வெள்ளக் காட்சியில் ஒருவர் மூச்சுவிடவில்லை. ஸ்கார்பீனியே சுருட்டை அணைத்துவிட்டான். கடைசிக் காட்சி வந்தது. அமெதேயோவின் குரல் எழும்பியது, "மண்ணே..."

நடு வரிசையில் ஒருத்தி சிரித்தாள்.

அடக்கமாக இல்லை, வாய்விட்டு. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் சிரிப்பதைப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். அப்புறம் ஒரு பக்கமே சிரித்தது. என் குளிர்காலம் முழுவதும் போச்சு! ஸ்கார்பீனி தொப்பியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறினான்.

அவள் யார் என்று பார்க்க ஓடினேன். இனெஸ்ஸின் அக்கா நோர்மா! ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து காது போனவள். தொப்பிக் கடை வைத்திருக்கிறாள். காதே கேட்காதவளுக்கு வசனத்தில் என்ன சிரிப்பு?

20 மார்ச்

இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் இனெஸ்ஸைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "உங்கக்காவை ஏன் கூட்டிட்டு வந்தே? என் மூக்கை உடைக்கவா?"

"நீயே கேளு அவளை. எனக்கும் சொல்லமாட்டேங்கிறா. உன் முகத்தைப் பாத்துத்தான் சொல்வாளாம்."

நோர்மா வந்தாள். தலையில் ஒரு பச்சைத் தொப்பி. மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்த ரீலைப் போடச் சொன்னாள். என் உதட்டைப் பார்த்தபடி, ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில் கேட்டாள்: "இந்தாளு இங்க என்ன பேசறதா நீங்க நெனச்சுக்கிட்டிருக்கீங்க?"

"பேசலம்மா. எண்ணுறான். ஒண்ணு, ரெண்டு, மூணு."

"மூணு வரைக்கும்தான் எண்ணுறான். அதுக்கப்புறம் பொண்டாட்டிகிட்டப் பேசறான்."

எனக்கு விளங்கவில்லை. இனெஸ்ஸுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் இருவரும் பிறந்ததும் அந்தச் சதுப்பு ஊரில்தான். பேப்பியின் பேச்சுதான் அவர்களுக்கும் தாய்ப்பேச்சு. நோர்மாவுக்கு உதடு போதும்.

ரீலை மெதுவாக ஓட்டினோம். அவள் வாசித்தாள். இடையிடையே விட்டுப்போனது, ஆனாலும் வந்தது:

"ஜீனா, கோழிக்கூட்டுச் சாவியை எங்க வச்சேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல... பூட்டை ஒடச்சுட்டேன்... வீட்டுக்குள்ள ஒரு பட்டாளமே வந்து நிக்குது. ஒரு மீசைக்காரன், நாள் பூராக் கத்தறான். நீ இருந்தா தொடப்பத்தை எடுத்திருப்பே..."

அந்த இடத்தில்தான் நேற்று சிரித்தாளாம். இப்போதும் சிரித்தாள். இனெஸ்ஸும் சிரித்தாள். எனக்கு மீசையைத் தடவிக்கொள்வதைத் தவிர வழி தெரியவில்லை.

"சூப்புல உப்பு ஜாஸ்தி. ஜாஸ்தியாத்தான் இருக்கும், நான்தானே போடறேன்..."

அதற்குப் பிறகும் அவன் உதடு நெடுநேரம் அசைகிறது. நோர்மா பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன சொல்றான்?"

"தெரியல. முகத்தைத் திருப்பிக்கிட்டான்."

அவன் முகத்தைத் திருப்பவே இல்லை. நேராகக் கேமராவுக்குத்தான் காட்டிக்கொண்டிருந்தான்.

ஷூட்டிங்கின்போது நான் மெகாபோனோடு பக்கத்தில்தான் நின்றேன். ஒரு மனிதன் செத்துப்போன மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறான், நான் அவன் தலைக்கு மேல் "தோளைத் தளர்த்து! ஸ்பூனை எடு!" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இருந்தாலும், இதை எழுதும்போது கை பரபரக்கிறது. இது தங்கம்! என் பேச்சை விட ஆயிரம் மடங்கு. பேப்பியையே வரவழைத்து அவன் குரலிலேயே பேசவைப்பேன். உதட்டுக்கு உதடு பொருந்தும். தப்பித்தேன். படம் தப்பித்தது.

22 மார்ச், பேப்பியின் வீடு

ரயில், பஸ், கடைசியில் படகு. மழை. பேப்பி அடுப்பில் மக்காச்சோள மாவுப் போலெண்டா கிண்டிக்கொண்டிருந்தான். விலாங்கு வறுத்து வைத்திருந்தான். உண்மையிலேயே உப்பு ஜாஸ்தி. சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே குரல் நெகிழ்ந்தது.

அவன் தட்டைத் தள்ளிவைத்தான்.

"யாருக்கும் கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க, முதலாளி?"

"கேக்கலையே. ஒரு பொம்பளை பாத்துட்டா. அவ்வளவுதான்."

"யாரு?"

"உங்க பக்கத்துக்காரிதான். காது கேக்காது."

"எல்லாத்தையும் பாத்தாளா?"

"பாதிதான் சொன்னா."

"அப்ப நல்ல பொம்பளைதான்" என்றான்.

நான் விடுவேனா? அவன் பேச்சு எவ்வளவு அழகு, இத்தாலி முழுவதும் எப்படி அழும், அவன் பெயர் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். நான் பேசி மசியாத ஆள் இல்லை. நடிகைகள், வங்கிக்காரர்கள், ஒரு பிஷப்கூட மசிந்திருக்கிறார்.

"அவங்க எதுக்கு அழணும்? ஜீனா அவங்களுக்கு யாரு?"

நான் விலாங்கு முள்ளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"நாலு பேரு சுத்தி நிக்கையில பேசுனது தப்புதான்" என்றான். "என்ன பண்றது. நீங்க ஒரு காலி நாற்காலியைக் கொண்டாந்து எதுக்க போட்டுட்டீங்க. அவ உக்காந்திருந்த பக்கத்துல. அதுக்கப்புறம் எண்ணிக்கிட்டா இருக்க முடியும்?"

படகுத்துறை வரைக்கும் லாந்தரோடு வந்தான். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டாவது ஜெயித்திருப்பேன்.

23 மார்ச், ரோம்

ஸ்கார்பீனியிடம் சொன்னது தப்பு. துள்ளிக் குதிக்கிறான். "அடப்பாவி, இதை வெச்சே பத்திரிகை பூரா நிரப்பிடலாமே! அவன் சம்மதம் எதுக்கு? ஒப்பந்தத்துல கைநாட்டு போட்டிருக்கான். மூஞ்சியும் நம்மது, வாயும் நம்மது. அமெதேயோவை விட்டுப் பேசவை."

அமெதேயோ ஏற்கெனவே ஒத்திகை பார்க்கிறான். "ஜீனா! சாவி எங்கே, ஜீனா!" — ரோமாபுரி எரிகிற மாதிரி.

24 மார்ச்

என் பேச்சையே திரும்பப் போட்டுவிடலாமா? போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. அந்த உதடு என்ன சொல்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் உப்பைப் பற்றிச் சொல்கிறான், மேலே அமெதேயோ "மானம்! மானம்!" என்கிறான். நோர்மா சிரித்ததில் என்ன தப்பு? நானே சிரித்துவிட்டேன்.

என் பேச்சும் ஆகாது. அவன் பேச்சும் ஆகாது. ஸ்கார்பீனி வெள்ளிக்கிழமை வரை தவணை கொடுத்திருக்கிறான். அதற்கு மேல் போனால் வேறு ஆளைவைத்து முடித்துவிடுவானாம். என் படத்தை! இன்னொருத்தன்!

25 மார்ச்

முடிவு பண்ணிவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. வரும் என்று எனக்குத் தெரியும், எப்போதும் எனக்கு வரும்.

இனெஸ்ஸிடம் சொன்னேன்: "குரலை எடுத்துடு."

"எந்தக் குரலை?"

"எல்லாத்தையும். ஒரு வார்த்தை வேண்டாம். ஸ்பூன் சத்தம் இருக்கட்டும். மழை இருக்கட்டும். வெளிய அந்தக் கோழி இருக்கட்டும். அவன் பேசட்டும். நமக்குக் கேக்க வேண்டாம்."

அவள் சிகரெட்டைக் கீழே வைத்தாள். "வாய் அசையும், சத்தம் வராது. மெஷின் ரிப்பேர்னு ஜனம் விசிலடிக்கும், துல்லியோ. இதோட உன் கதை முடிஞ்சாலும் முடியும்."

"அடிக்கட்டும்."

"நீ எழுதின பேச்சு?"

"அது கெடக்குது போ."

என்னை ஒருமாதிரி பார்த்தாள். அப்புறம் கத்திரியை எடுத்தாள். இருபது வருடத்தில் அவள் சண்டை போடாமல் வெட்டியது இது ஒன்றுதான்.

அமெதேயோவிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். அவமானப்படுவான் என்று பயந்தேன். எழுந்து நின்று, மார்பில் கைவைத்து, "மேஸ்ட்ரோ, இந்தத் தொழிலில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக வாய்மூடச் சொன்னதில்லை" என்றான். அப்புறம் தன் சாதாரணக் குரலில், அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும், "எனக்கும் போன வருஷம் வீட்டுக்காரி போயிட்டா" என்றான்.

27 மார்ச், பெரிய வெள்ளி

ஸ்கார்பீனி பார்த்தான். கத்தவில்லை. "உனக்குப் பைத்தியம்தான். ஆனா அந்தக் கோழி நல்லாயிருக்கு" என்றான். வெனிஸுக்கு அனுப்புகிறான். தோற்றால் என் தலையோடு.

வெனிஸ், 4 செப்டம்பர்

இதை உட்கார்ந்து எழுத முடியவில்லை, நின்றுகொண்டு எழுதுகிறேன்.

பேப்பி வந்திருந்தான், கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டில். ஒரு பக்கம் அவன், மறுபக்கம் இனெஸ்ஸும் நோர்மாவும். கடைசிக் காட்சி. உதடு அசைந்தது. சத்தமில்லை. ஒரு விசில். இரண்டு. மேலே பால்கனியிலிருந்து எவனோ, "டேய், சவுண்டு! சவுண்டைப் போடுங்கடா!" சிரிப்பு. இந்த அரங்கில் விசில் என்றால் சாவுமணி. ஸ்கார்பீனி நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டே போனான்.

அப்போது ஸ்பூன் தட்டில் பட்டது. டிங்.

அவ்வளவுதான், விசில் நின்றது. சவுண்டு இருக்கிறது, பேச்சை மட்டும் வேண்டுமென்றேதான் கேட்கவிடவில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெரிய அரங்கில் மழையும் கோழியும்தான். பின்வரிசையில் யாரோ விசும்பியது கேட்டது. பேப்பி தன் தொப்பியை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

நான் நோர்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேர் கூடியிருந்த அரங்கில் அந்தப் பேச்சு முழுவதும் புரிந்திருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். காட்சி முடிந்ததென்று இனெஸ் கையைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் திறந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. வந்தது, எழுதிவைக்கிறேன், அதிலென்ன.

பரிசு வேறொருவனுக்குத்தான் என்று இப்போதே பேச்சு. முதலில் எழுந்து கைதட்டியது ஸ்கார்பீனி. நான் அப்போதே சொல்லவில்லையா?

ரோம், 2 நவம்பர் 1964

மிலானில் இன்னும் ஓடுகிறது. தூரினில் வரிசை நிற்கிறதாம். இரங்கல் எழுதியவர்கள் என் குடும்பப் பெயர் போட்டு "மர்காந்தியின் மௌனம்" என்று எழுதுகிறார்கள். என் மௌனம்! இனெஸ் அதைக் கத்தரித்து எடிட்டிங் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். கீழே, "மூன்று நிமிடம் மட்டும்" என்று பென்சிலில்.

18 மே 1966

இப்போது எந்தப் படத்துக்குப் போனாலும் எவனாவது வாயசைக்கிறான், சத்தம் வருவதில்லை. ஒரு பிரேசில்காரன் பஸ் காட்சியில் செய்தான். ஒரு போலந்துக்காரன் கல்யாணத்தில் செய்தான். பாதிப் பேர் ஏன் செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும், எனக்கென்ன, என் பெயரைத்தானே சொல்கிறார்கள்.

இன்று டூனிஸிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முதல் படம் முடித்திருக்கிறாள். நல்ல படம், எரிச்சல்வரும் அளவுக்கு நல்ல படம். அதிலும் ஒரு தாய் சத்தமில்லாமல் பேசுகிறாள். போகும்போது வாசலில் நின்று கேட்டாள்: "ஒரே ஒரு கேள்வி, மேஸ்ட்ரோ. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்தக் கிழவர் என்னதான் சொல்றார்?"

நாக்கு நுனிவரை வந்தது. நல்ல கதையைச் சொல்லாமல் விட்டவன் நான் இல்லை.

"எண்ணிக்கிட்டிருந்தார்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு. எங்க ஊர் வழக்கம்."

அவள் முகம் வாடிவிட்டது. பரவாயில்லை.

9 அக்டோபர் 1967, சதுப்பு

புதுப் படம், முதல் நாள். பேப்பிதான் மறுபடி. இந்தத் தடவை ஒலியையும் அங்கேயே பதிவு செய்கிறோம். ரோமில் எல்லோரும் சிரித்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு இனிமேலாவது தெரிய வேண்டாமா?

மெகாபோனை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஒலிப்பதிவுக்காரன் ரெனாத்தோ ஒரு சர்வாதிகாரி. தச்சர்களைத் துரத்தினான், பாடுகிற சமையல்காரனைத் துரத்தினான். பத்து மணிக்கு இருமினேன் என்று என்னையே துரத்தினான். என் செட்டிலிருந்து என்னை! கெஞ்சிக்கூத்தாடி உள்ளே வந்தேன்.

காட்சி சின்னதுதான். பேப்பி படகில் தனியாக உட்கார்ந்து வலையைச் சரிசெய்தபடி இரண்டு வரி சொல்ல வேண்டும். வரிகளை நன்றாகத்தான் பாடம் பண்ணியிருந்தான். ஆரம்பிக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டான்.

"இந்தத் தடவை கேக்குமா, முதலாளி?"

"கேக்கும் பேப்பி. மூச்சு விட்டாக்கூட கேக்கும்."

சரி என்று தலையாட்டினான். கேமரா ஓடியது. வலையை எடுத்தான். எதிரே படகின் காலிப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் எழுதிக் கொடுத்த வரி வரவில்லை.

"ஒண்ணு..." என்றான். "ரெண்டு... மூணு..."

ரெனாத்தோ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். இனெஸ்ஸும் பார்த்தாள். நிறுத்துவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

பேப்பி நிதானமாக எண்ணிக்கொண்டே போனான். நாலில் கொஞ்சம் அலுத்துக்கொண்டான். ஐந்தைச் சொல்லிவிட்டு, பதில் வருவதற்கு இடம்விடுவது போல நிறுத்தினான். ஏழு வந்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மீசைக்காரனைப் பற்றித்தான் இருக்கும்.